பீரோ சாவி யாரிடம்?

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. கால அட்டவணையில் 'நூலகம்' என்று போட்டிருக்கிறது. தலைமை ஆசிரியர் அறையிலுள்ள கண்ணாடி பீரோவைத் திறந்து, கைக்கு அகப்பட்ட நாற்பது புத்தகங்களை ஆசிரியர் வகுப்புக்கு அள்ளி வருகிறார். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொள்கிறார்கள். பேய்க் கதைக்கு ஏங்கும் எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தென்னை சாகுபடி வாய்க்கிறது. மணி அடித்ததும் நாற்பதும் எண்ணப்பட்டு பீரோவுக்குள் போய்விடுகின்றன. தமிழ்நாட்டின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் வாசிப்பு என்பது இந்த முக்கால் மணி நேரம்தான். அதுவும் தேர்வு இல்லாத மாதங்களில். காலாண்டு நெருங்கிவிட்டால் கணக்கு ஆசிரியர் அந்த வேளையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். (இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதனும் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர்தான் என்று யாராவது அவருக்கு நினைவூட்டலாம்.)

பீரோவைப் பூட்டி வைக்கும் ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தமிழாசிரியரோ வேறொருவரோ கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். மாறுதலில் போகும்போதோ ஓய்வுபெறும்போதோ பொறுப்பை ஒப்படைக்கையில் பத்துப் புத்தகம் குறைந்தால், அந்தப் பணம் தன் பையிலிருந்து போகுமோ என்ற பயம் அவருக்கு. இராமபாணப் பூச்சி அரித்த புத்தகத்தை எடுத்துக் காட்டிவிடலாம். ஒரு மாணவி வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைத்த புத்தகத்தை எப்படிக் காட்டுவது? யாரும் தொடாத நூலகம்தான் தணிக்கைக்குப் பாதுகாப்பானது.

இந்தப் பயத்துக்கு மருந்து ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017), ஆண்டில் வழங்கப்படும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டிய நூலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்த விதியில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அது இருப்பிலுள்ள புத்தகங்களை வைத்துக் கணக்கிடுவதில்லை. வழங்கியவற்றை வைத்துக் கணக்கிடுகிறது. நானூறு பேர் படிக்கும் பள்ளியில் ஆளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு புத்தகம் என்று கொடுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டாயிரம் வழங்கல் வரும். நாற்பது புத்தகம் போனாலும் கேள்வி இல்லை. யாருக்கும் எதையும் கொடுக்காத பள்ளிக்கோ ஒரு புத்தகம் தொலைக்கக்கூட உரிமை இல்லை! மாநில அரசு தன் பள்ளிகளுக்கும் இதே போன்ற ஒரு வரம்பை அறிவித்து, அதைத் தலைமை ஆசிரியர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் புரியும்படி ஒரு பக்கச் சுற்றறிக்கையாக அனுப்பினால் போதும். பாதி பீரோக்கள் திறந்துகொள்ளும். புத்தகங்கள் பயன்பாட்டுக்கே என்பதை முதல் விதியாக வைத்து ரங்கநாதன் தன் ஐந்து விதிகளை நூலாக்கியது 1931இல். வாசகரே அலமாரியிடம் போய் எடுத்துப் பார்க்கும் முறைக்காக வாதாடியவர் அவர். பள்ளி பீரோக்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.

ஆசிரியரிடம் கேட்கும் கணக்கு ஒருபுறம் என்றால், பிள்ளையிடம் கேட்கும் கணக்கு மறுபுறம். கதை படித்தாயா, சுருக்கம் எழுது. இதிலிருந்து என்ன நீதி கற்றாய்? பிடித்த பாத்திரம் எது, ஏன்? ஒரு பக்கத்துக்கு மிகாமல். பதின்மூன்று வயதுக்காரர்கள் புத்திசாலிகள். கூலி இல்லாத இந்த வேலையைத் தவிர்க்க எளிய வழி, புத்தகத்தைத் தொடாமல் இருப்பதே என்று சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

ஜப்பானின் சிபா மாகாணத்தில், ஃபுனபாஷி நகரப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 1988ஆம் ஆண்டு இரண்டு ஆசிரியர்கள் தலைகீழாக ஒரு காரியம் செய்தார்கள். காலையில் பாடம் தொடங்கும் முன் பத்து நிமிட வாசிப்பு. நான்கே நிபந்தனைகள்: எல்லோரும் படிக்க வேண்டும், தினமும் படிக்க வேண்டும், பிடித்த புத்தகம் எதுவானாலும் சரி, படித்தால் மட்டும் போதும். 'எல்லோரும்' என்பதில் ஆசிரியரும் அடக்கம். குறிப்பு இல்லை, மதிப்பெண் இல்லை, கேள்வி இல்லை. 'காலை வாசிப்பு' என்று பெயர்பெற்ற அந்த வழக்கம் பின்னர் ஜப்பான் முழுக்க இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. நான்கில் மூன்றை நம் பள்ளிகள் நாளைக்கே ஏற்றுக்கொள்ளும். கடைசி ஒன்றுதான் தொண்டையில் சிக்கும். கேள்வி கேட்காத ஆசிரியரை நமக்குப் பழக்கமில்லை.

கதைப் புத்தகம் மதிப்பெண் வாங்கித் தருமா என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு பதில் இருக்கிறது. பதினைந்து வயதினரை வைத்துப் பல நாடுகளில் 2000இல் நடந்த பிசா தேர்வின் முடிவுகளைப் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான அமைப்பு (ஓஇசிடி) ஆராய்ந்தது. வாசிப்பில் ஆழ்ந்த ஈடுபாடு காட்டிய எளிய வேலைக்காரர்களின் பிள்ளைகள், ஈடுபாடில்லாத உயர்பதவிக்காரர்களின் பிள்ளைகளைவிட வாசிப்புத் தேர்வில் மேலே நின்றார்கள். எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வீட்டில் அலமாரி இல்லாத பிள்ளைக்குப் பள்ளி அலமாரி என்னவாக முடியும் என்று ஊகிக்கலாம்.

பிள்ளைகளை வாசிப்பு இழக்கும் வயதும் இந்தப் பள்ளி வயதே. பிரிட்டனில் 8 முதல் 18 வயதுக்குட்பட்டோரிடம் தேசிய எழுத்தறிவு அறக்கட்டளை 2005இல் கேட்டபோது, பாதிக்குச் சற்றுக் கூடுதலானோர் வாசிப்பு பிடிக்கும் என்றார்கள். 2025இல் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. கைபேசி அங்கும் இங்கும் ஒன்றுதான்.

சரி, பீரோவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? போட்டித் தேர்வு வழிகாட்டி, தலைவர்களின் வரலாறு, பொதுக் கட்டுரைகள், அன்பளிப்பாக வந்த கவிதைத் தொகுப்புகள். 2009இன் கல்வி உரிமைச் சட்டம்கூடத் தன் அட்டவணையில் பள்ளி நூலகத்துக்கு நாளிதழ், இதழ், எல்லாப் பாடங்கள் குறித்த நூல்கள் ஆகியவற்றோடு கதைப் புத்தகத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 'வாசிப்பு இயக்கம்', நுழை, நட, ஓடு, பற என்று நிலைபிரித்துப் படங்களோடு கொண்டுவந்த சிறு நூல்கள் நல்ல தொடக்கம். அந்த மெல்லிய நூலை ஒரே மூச்சில் முடித்துவிட்டு "அடுத்தது எங்கே மிஸ்?" என்று கேட்கும் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் இப்போது பீரோவில் புத்தகம் இல்லை. தமிழில் எழுதப்படாமல் இல்லை. கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' இரண்டும் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நாவல்கள். காமிக்ஸ் என்றால் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972இல் முத்து காமிக்ஸ் வழியே வந்த இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்கள் எத்தனை பேர் பிற்பாடு பெரிய நாவல்களுக்குப் போனார்கள் என்பதை அந்தத் தலைமுறையிடமே கேட்டுக்கொள்ளலாம்.

பணம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. என்ன வாங்குவது என்று மேலே இருப்பவர்கள் தீர்மானிப்பதால், மாவட்டம் முழுக்க ஒரே கட்டு வந்து இறங்குகிறது. அந்த மானியத்தில் மூவாயிரம் ரூபாயை மட்டும் ஒதுக்கி, வகுப்புக்கு இரண்டு பேரை மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு அழைத்துப்போய், "நீங்களே எடுங்கள்" என்று ஒரு பள்ளி சொல்லிப் பார்க்கலாம். பட்டியலில் நான்கு பேய்க் கதையும் மூன்று காமிக்ஸும் ஒரு கிரிக்கெட் புத்தகமும் கட்டாயம் வரும். தணிக்கைக்கு வருபவர் புருவத்தை உயர்த்தினால், வழங்கல் பதிவேட்டைத் திறந்து, அந்த எட்டுப் புத்தகங்களும் எத்தனை கை மாறியிருக்கின்றன என்று காட்டிவிட்டால் ஆயிற்று.