ரத்தம் கட்டாத ஊசியும் 2,202 பேர் சொன்ன பதிலும்

தலைப்பைப் பார்த்ததும் மெடிக்கல் காலேஜ் பாடம்னு நெனச்சு ஓடிராதீங்க சாமி. ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற விஷயம். எழுதிட்டா கொஞ்சம் பாரம் குறையும்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். ஒரு மருந்து வேலை செய்யலைன்னு ஒழுங்கா சோதிச்சுக் கண்டுபிடிக்கறது, வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கறதுக்குக் கொஞ்சமும் குறைஞ்சது இல்லை. கைக்காசைப் போட்டு வைத்தியம் பாக்குற நம்ம மாதிரி ஊருக்கு அந்த 'இல்லை'ங்கிற பதில் ரொம்ப ரொம்ப அவசியம். இதுக்கு நல்ல உதாரணம் நுரையீரல் கேன்சரும், ரத்தம் கட்டாம இருக்கப் போடற ஊசியும்.

இதுல என்னை இழுத்து விட்டது ஒரு பையன். அவங்கய்யனுக்கு நுரையீரல்ல கேன்சர். கோயமுத்தூர்ல கீமோ ஓடிட்டு இருக்கு. யாரோ வாட்சப்புல அனுப்பிச்ச சேதியைக் காட்டி, "ஏனுங்ணா, கீமோகூட இந்த ஊசியையும் சேத்திப் போட்டா எங்கய்யன் இன்னும் கொஞ்ச நாள் நல்லா இருப்பாருங்களா? காசைப் பத்திப் பிரச்சினை இல்லீங்ணா, தோப்பை அடமானம் வெச்சுக்கலாம்"னு கேட்டான். அந்தச் சேதியில, ரத்தத்தை இளக்குற ஊசி போட்டா நுரையீரல் கேன்சர்காரங்க கூட நாள் பொழைக்கறாங்கன்னு வெளிநாட்டு ஆராய்ச்சி சொல்லுதுன்னு இருந்துச்சு.

சேதி முழுப் பொய் இல்லைங்க. அதுதான் சிக்கல். அரை உண்மை.

புத்துநோய்க்கும் ரத்தம் கட்டுறதுக்கும் உள்ள உறவு பழைய சங்கதி. பிரான்ஸ்ல ஆர்மண்ட் ட்ரூசோன்னு ஒரு டாக்டர் 1865-லயே இதைச் சொன்னாரு. காரணமே இல்லாம ஒருத்தருக்கு ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் கட்டுச்சுன்னா, உள்ள எங்கயாவது புத்து ஒளிஞ்சிருக்கான்னு பாருங்கன்னாரு. ரெண்டு வருசத்துல தன் உடம்புலயே ரத்தம் கட்டுனதைப் பார்த்து, தனக்கு என்னன்னு அவரே தெரிஞ்சுக்கிட்டாரு. 1867-ல வயித்துப் புத்துல போய்ச் சேர்ந்தாரு.

ஏன் கட்டுது? புத்துக் கட்டியே ரத்தத்தை உறைய வைக்கிற பொருளை வெளியிடுது. சிஸ்பிளாட்டின் மாதிரி கீமோ மருந்தும் அந்த ஆபத்தைக் கூட்டுது. நோயாளி சோர்ந்து படுத்தே கெடந்தா இன்னும் மோசம். கால்ல கட்டுன ரத்தம் பிச்சுக்கிட்டு மேல போய் நுரையீரல் குழாயை அடைச்சுதுன்னா ஆளே போயிரலாம்.

இங்கதான் ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஒரு ஆசை வந்துச்சு. ஒரு இடத்துல இருந்து கிளம்புற புத்து செல்லு, ரத்தத் தட்டணுக்களையும் உறைஞ்ச ரத்தத்தையும் கம்பளி மாதிரிப் போத்திக்கிட்டு, உடம்போட எதிர்ப்பு சக்தி கண்ணுல படாம அடுத்த இடத்துக்குப் போகுதுன்னு ஒரு கருத்து. எலிகளுக்கு ஹெப்பாரின் குடுத்தப்ப புத்து பரவுறது குறைஞ்சுது. அப்ப கம்பளியை உருவிட்டா? ரத்தம் கட்டாது, புத்தும் பரவாது, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

மனுசங்ககிட்ட நடந்த முதல் சோதனைகளும் ஆசையை வளர்த்துச்சு. அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகள்ல 50 பேருக்கு நடந்த சோதனை 1981-ல வெளிவந்துச்சு. 'சின்ன செல்' வகை நுரையீரல் புத்து. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவங்கள்ல பாதிப் பேர் உயிரோட இருந்த காலம் 24 வாரம். கூடவே வார்ஃபரின் மாத்திரை எடுத்தவங்களுக்கு 50 வாரம். (இந்த வார்ஃபரின் கதை நம்ம சந்தைக்காரங்களுக்குப் புடிக்கும். 1920-கள்ல வட அமெரிக்காவுல கெட்டுப்போன தீவனத்தைத் தின்ன மாடுக ரத்தம் நிக்காம செத்துச்சுங்க. அதைத் துருவிப் போனதுல கெடச்ச மருந்து. மொதல்ல எலி விஷமா வித்து, அப்பறம்தான் மனுசனுக்கு வந்துச்சு.) 2004-ல துருக்கியில 84 பேருக்கு, அதே சின்ன செல் வகை, கீமோகூட டால்டெபாரின் ஊசி. 8 மாசம் 13 மாசமாச்சு.

வாட்சப் சேதி இந்த இடத்தோட முடிஞ்சு போச்சு. கதை முடியலைங்க.

நம்ம தென்னந்தோப்புக் கணக்குலயே பார்ப்போம். வாடல் நோய் வந்ததுல இருந்து பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்றாங்க. ஒருத்தர் பத்து மரத்துக்கு வேர்ல டானிக் கட்டிட்டு, "பாருங்க, குருத்து எப்படி வந்திருக்கு"ன்னு காட்டறாரு. அந்தப் பத்து மரமும் கிணத்தோரமா இருந்திருக்கலாம். வயசு கம்மியா இருந்திருக்கலாம். அந்த வருசம் மழை நல்லா பேஞ்சிருக்கலாம். டானிக்தான் காரணம்னு எப்படிச் சொல்றது? ஒரு ஊர்த் தோப்பு பூரா எடுத்து, எந்த மரத்துக்கு டானிக், எந்த மரத்துக்கு இல்லைங்கறதை நாம முடிவு பண்ணாம சீட்டுக் குலுக்கி விட்டுரணும். மரம் ஆயிரக்கணக்குல இருந்தா கிணத்தோர மரமும் மேட்டு மரமும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்துரும். அதுக்கப்பறம் வித்தியாசம் தெரிஞ்சா நம்பலாம்.

மனுசனுக்கும் அதே கணக்குதான். 50 பேர், 84 பேர்ங்கறது பத்து மரக் கதை. சீட்டுக் குலுக்கினாலும் சின்னக் கூட்டத்துல அதிர்ஷ்டம் விளையாடிரும். அந்தச் சோதனைகளைச் செஞ்சவங்களைக் குத்தம் சொல்லலை. அவங்க கேள்வியை எழுப்பினாங்க. பதிலுக்குப் பெரிய தோப்பு வேணும்.

பெரிய தோப்பு பிரிட்டன்ல கெடச்சுது. ஃப்ராக்மாட்டிக்னு அந்தச் சோதனைக்குப் பேரு. 2007-ல இருந்து 2011 வரைக்கும் புதுசா நுரையீரல் புத்துன்னு தெரியவந்த 2,202 பேரைச் சேர்த்தாங்க. எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை. குலுக்கல்ல வந்த பாதிப் பேருக்கு மட்டும் கூடவே தினம் ஒரு டால்டெபாரின் ஊசி, 24 வாரத்துக்கு. முடிவு 2016-ல வந்துச்சு.

ஆயுள் கூடலை. ஊசி போட்டவங்க, போடாதவங்க, ரெண்டு கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே கோடு. புத்து பரவுறதும் குறையலை. ரத்தம் கட்டுறது மட்டும் குறைஞ்சுது. போடாதவங்கள்ல நூத்துக்குப் பத்துப் பேர் கிட்டக்க ரத்தம் கட்டுச்சுன்னா, போட்டவங்கள்ல ஆறு பேர் கிட்டக்க. அதுக்குப் பதிலா சின்னதும் பெருசுமா ரத்தக் கசிவு கொஞ்சம் கூடுச்சு.

விட மனசில்லாத ஆளுங்க கேட்டாங்க. "டோஸ் பத்தலையோ?" ஸ்வீடன் ஆளுங்க முன்னால நின்னு சின்ன செல் வகைக்காரங்க 390 பேருக்கு ஈனாக்ஸாபரினைக் கூடுதல் அளவுல குடுத்துப் பார்த்தாங்க. 2018-ல முடிவு. ரத்தம் கட்டுறது நல்லா குறைஞ்சுது, கசிவு கூடுச்சு, ஆயுள் கூடலை. "முத்துன பின்னால போட்டா எப்படி, ஆரம்பத்துலயே போடணும்"னு இன்னொரு பக்கம். ஆபரேசன் பண்ணிக் கட்டியை எடுத்த 549 பேருக்கு டின்சாபரின்னு ஒரு ஊசியைப் போட்டுப் பிரான்ஸ்ல சோதிச்சாங்க. அதுவும் 2018-லதான் வந்துச்சு. அதுலயும் ஆயுள் கூடலை.

ஆக மூணு கேள்வி, மூணு தடவையும் 'இல்லை'.

இதைப் படிச்சுட்டு "இத்தனை வருசம், இத்தனை காசு, எல்லாம் வீண்"னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அங்கதான் கோவம் வருது. கணக்குப் போட்டுப் பாருங்க. 24 வாரம்னா 168 ஊசி. ஒரு ஊசி முன்னூறு ரூபாய்னு வெச்சாலே 50,400 ரூபாய். தினமும் வயித்துல ஒரு குத்து, குத்துன இடத்துல கன்னிப்போற வலி வேற. அந்தப் பதில் வராம இருந்திருந்தா, அந்தப் பையன் மாதிரி எத்தனை பேர் தோப்பை எழுதிக் குடுத்து அந்த 168 ஊசியை ஆயுளுக்குன்னு வாங்கியிருப்பாங்க? தப்பு நம்பிக்கையை விக்கறதுக்கு ஆளு எப்பவும் உண்டு. அதைத் தடுக்கறதுக்குக் கையில இருக்குற ஒரே ஆதாரம், முகம் தெரியாத அந்த 2,202 பேர் குடுத்துட்டுப் போனதுதான். அவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல இன்னைக்கு இருக்க மாட்டாங்க. தனக்கு லாபம் இருக்குமான்னு தெரியாமலே கையெழுத்துப் போட்டவங்க. அதை வீண்னு சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, அப்ப அந்த ஊசியே வேண்டாமா? அவசரப்படாதீங்க. இந்த எடத்துலதான் ரெண்டு கேள்வியைப் போட்டுக் குழப்பிக்கறோம்.

ஒண்ணு, ஏற்கனவே ரத்தம் கட்டிருச்சுன்னா? அப்ப ஊசியோ மாத்திரையோ கட்டாயம் வேணும். அதுல சந்தேகமே கிடையாது. கேன்சரோட ரத்தம் கட்டுனவங்களுக்கு வார்ஃபரினை விட டால்டெபாரின் நல்லதுன்னு 2003-லயே தெரிஞ்சுபோச்சு. ஆறு மாசத்துல மறுபடியும் கட்டுனது வார்ஃபரின்ல நூத்துக்கு 17, ஊசியில 9. இப்ப அபிக்ஸபான், ரிவராக்ஸபான் மாதிரி மாத்திரைகளும் இருக்கு.

ரெண்டு, இன்னும் கட்டலை, கீமோ போட்டுட்டு வீட்டுல இருக்காரு. முன்கூட்டியே போடணுமா? எல்லாருக்கும் வேண்டாம், ஆபத்து அதிகம் உள்ளவங்களுக்கு யோசிக்கலாம்ங்கறதுதான் 2019-ல அமெரிக்கப் புத்துநோய் டாக்டர்கள் சங்கம் சொன்னது. ஆபத்தைக் கணக்குப் போட கொரானா ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு. (நம்மளை வீட்டுல பூட்டி வெச்ச கொரோனா இல்லைங்க, அலோக் கொரானாங்கற டாக்டர் பேரு :-) ) நுரையீரல்ல புத்துன்னா ஒரு மார்க். தட்டணு கூடுதலா இருந்தா ஒண்ணு, வெள்ளணு கூடுதலா இருந்தா ஒண்ணு, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ போனா ஒண்ணு, உடம்பு ரொம்பப் பருமனா இருந்தா ஒண்ணு. கீமோ தொடங்கறதுக்கு முன்னால எடுக்குற சாதாரண ரத்த டெஸ்ட்லயே பெரும்பாலும் தெரிஞ்சுரும். ரெண்டோ அதுக்கு மேலயோ வந்தா டாக்டர்கிட்டப் பேசறதுல அர்த்தம் இருக்கு.

பையன்கிட்ட நான் சொன்னதுல முக்கியமானது இதுதான். ஊசியை விடு, கண்ணைத் தொறந்து வெச்சுக்க. ஒரு கால் மட்டும் வீங்குனா, கெண்டைக்கால் வலிச்சா, திடீர்னு மூச்சு வாங்குனா, நெஞ்சு குத்துனா, இருமல்ல ரத்தம் வந்தா, அடுத்த கீமோ தேதி வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரு. நுரையீரல் புத்துக்காரங்க மூச்சு வாங்குனா "நோயே அதுதான"ன்னு வீட்டுல விட்டுர்றாங்க. அங்கதான் ஆள் போயிர்றது. அதே மாதிரி யாரோ சொன்னாங்கன்னு ஆஸ்பிரினையோ லேகியத்தையோ நாமளா சேத்தவும் கூடாது, ஸ்டென்ட்டுக்குன்னு சாப்புட்டுட்டு இருக்குற மாத்திரையை நாமளா நிறுத்தவும் கூடாது. கீமோ நேரத்துல தட்டணு இறங்கும். ரத்தம் நிக்காம போயிரும்.

கடைசியா ஒரு ஆதங்கம். மேல சொன்ன சோதனையெல்லாம் பிரிட்டன், ஸ்வீடன், பிரான்ஸ், துருக்கி, அமெரிக்கா. நம்ம ஊர் உடம்புக்கு, நம்ம ஊர் சாப்பாட்டுக்கு, ஹீமோகுளோபின் எட்டுல கீமோவுக்கு வந்து நிக்கிற நம்ம ஆளுங்களுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்துமா? நாமதான் சோதிச்சுப் பார்க்கணும். முடியாதுன்னு இல்லை. மும்பை டாடா மெமோரியல்ல ஒரு குறிப்பிட்ட வகை நுரையீரல் புத்து உள்ள 350 பேருக்கு, ஜெஃபிட்டினிப் மாத்திரையோட பழைய கீமோவையும் சேர்த்துக் குடுத்துச் சோதிச்சாங்க. 2020-ல வந்த முடிவுல, நோய் கட்டுக்குள்ள இருந்த காலம் 8 மாசத்துல இருந்து 16 மாசமாச்சு, ஆயுளும் கூடுச்சு. பக்கவிளைவும் கூடுச்சுங்கறதையும் சொல்லணும். உலகமே அதைக் கவனிச்சுது. கோயமுத்தூர்ல இத்தனை கேன்சர் ஆஸ்பத்திரி இருக்கு. நாலஞ்சு பேர் கை கோத்தா ஆயிரம் பேர் சோதனை நடக்காதா?

"எங்களை என்ன எலின்னு நெனச்சீங்களா?"ன்னு நம்ம சனம் கேக்கறதுலயும் நியாயம் இருக்கு. சொல்லாம கொள்ளாம மருந்து சோதிச்ச புகார்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன நாடு இது. அதுக்கப்பறம்தான் 2019-ல புது விதிகள் வந்துச்சு. எந்தச் சோதனையா இருந்தாலும் அரசாங்கப் பதிவேட்டுல பதியறது 2009-ல இருந்தே கட்டாயம். யாராவது ஃபாரத்தை நீட்டுனா, பதிவு எண் என்ன, பாதிப்பு வந்தா யார் பொறுப்பு, நடுவுல வெலகிக்கலாமான்னு மூணு கேள்வியைக் கேட்டுட்டு, தமிழ்ல எழுதித் தரச் சொல்லிப் படிச்சுப் பாருங்க. ஒழுங்கான எடத்துல ஒழுங்கான பதில் வரும். வந்தா பயப்படாம யோசிங்க. வரலையா, எந்திரிச்சு வந்துருங்க.

அந்தப் பையன் தோப்பை அடமானம் வைக்கலை. டாக்டர்கிட்ட மார்க் கணக்கைக் கேக்கறேன்னு போயிருக்கான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க, படிச்சதைப் பகிர்ந்துக்கிட்டேன், அவ்வளவுதான். மருந்து முடிவு உங்க டாக்டரோடது. இதுல தப்பு ஏதாவது தெரிஞ்சா, டாக்டருங்க யாராவது படிச்சா, பின்னூட்டத்துல வந்து நாலு கொட்டு கொட்டிட்டுப் போங்க.