ஆட்டை விரட்டினா அந்த ஊதாப்பூ ஏது?

"இயற்கையை இயற்கையா விட்டுடணும், ஆடு மேய்க்கிறவன் உள்ள போனா எல்லாம் நாசம்"னு பேசுற படிச்சவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். அவங்க கொண்டாடுற ஜெர்மனியில இருந்தே எடுத்துச் சொல்றேன்.

ஹாம்பர்க் நகரத்துக்குத் தெற்கே லூனபர்க் ஹைடேன்னு ஒரு மணல் பூமி. அங்க உண்டலோன்னு சுமார் ஆயிரம் பேர் இருக்கிற சின்ன ஊராட்சி. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பொட்டல். ஆகஸ்ட் மாசம் ஹீதர் செடி பூத்து தரையே ஊதாவா மாறிடும். பக்கத்துல வில்செடே கிராமத்துக்குச் சுற்றுலாக்காரங்க கார்ல போக முடியாது, குதிரை வண்டிதான். போட்டோ பார்த்தா மனுசன் கை படாத பூமின்னு தோணும். கை படாததாவது! அது சம்சாரியும் ஆடும் சேர்ந்து உண்டாக்கின நிலம்.

ஆயிரக்கணக்கான வருசமா காட்டை வெட்டி, மேய்ச்சு, அப்படி ஆன மண்ணு. ஹைட்ஷ்னுக்கேன்னு ஒரு செம்மறி. சாம்பல் கம்பளி, கறுப்பு மூஞ்சி. அந்தக் கட்டைச் செடியைத் தின்னே வயிறு வளர்க்கும். சம்சாரி அந்தச் செடியை வேரும் மண்ணுமா செதுக்கி ஆட்டுப்பட்டியில பரப்புவான். புழுக்கையும் மூத்திரமும் ஊறினதும் ரை விதைக்கிற வயல்ல கொட்டுவான். நாம கிடை போடுறோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு. செதுக்கின இடத்துல புதுச் செடி முளைக்கும். ஆடு நடக்கையில சிலந்தி வலை அறுந்து தேனீக்கு வழி கிடைக்கும்னும் அங்க சொல்லுவாங்க.

19ஆம் நூற்றாண்டுல கடல் தாண்டி மலிவுக் கம்பளி வந்துச்சு, பின்னாடியே ரசாயன உரம். மந்தை குறைஞ்சுது. மேயாம விட்ட இடத்துல பைனும் பிர்ச்சும் ஏறிடுச்சு, மிச்சத்துல அரசாங்கமே மரம் நட்டுது. வில்ஹெல்ம் போடேன்னு ஒரு பாதிரியார் முன்ன நின்னு நிலத்தைக் காப்பாத்தப் பாடுபட்டார். 1909ல சங்கம் வச்சு நிலத்தை விலைக்கே வாங்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு 23,000 ஹெக்டேருக்கு மேல பாதுகாக்கப்பட்ட பகுதி. அந்தச் சங்கம் மேய்ப்பனை வெளிய தள்ளுச்சா? இல்ல, தானே ஆட்டு மந்தை வச்சு மேய்க்குது! இயற்கைப் பாதுகாப்புக்குச் சம்பளம் வாங்குற ஆடு, யோசிச்சுப் பாருங்க.

இப்ப அங்க ஓநாய் திரும்பி வந்திருக்கு. ஓநாய் வேணாம்னு நான் சொல்லல, அதுவும் ஒரு உயிர்தான். ஆனா மின்வேலியும் காவல் நாயும் வச்சாலும் ராத்திரி கண் முழிக்கிறவன் மேய்ப்பன்தானே? செத்த ஆட்டுக்கு நட்டஈடு தருவாங்க, மிரண்டுபோன மந்தைக்கு? 2025ல ஐரோப்பிய ஒன்றியம் ஓநாய்க்கான பாதுகாப்பை ஒரு படி இறக்கினப்ப நகரத்துல இருந்து எதிர்ப்பு வந்துச்சு. வரட்டும். அவங்கள்ல யாராவது பிப்ரவரிக் குளிர்ல ஒரு வாரம் அந்த மந்தைக்குப் பின்னால நடந்துட்டு வரட்டும், உக்காந்து பேசுவோம்.