காமன் கூத்தை எங்கே குறைப்பது?

மலையகத் தேயிலைத் தோட்டத்தில், மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினால், பௌர்ணமியை ஒட்டி, சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மதன் எரியும்வரை தோட்டமே அந்தக் கதைக்குள் இருக்கும். சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் அதே நாட்களில் மலை யாத்திரையும் நடக்கிறது. யாத்திரைக் கூட்டத்துக்காகவும் கலைவிழா மேடைக்காகவும், கொழும்பில் வேலை செய்து இரண்டு நாள் லீவில் வரும் பிள்ளைகளுக்காகவும் கூத்தைச் சுருக்கச் சொல்வது நியாயமே. கத்தியை எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. பாட்டும் தப்பு மேளமும் தீயும் பார்ப்பவரை இழுக்கும் என்று வைத்துக்கொண்டு, பேச்சை வெட்டிவிடுவது எளிது. அந்தப் பேச்சில்தான் மதனுக்கும் அவன் மனைவி ரதிக்கும் நடக்கும் தர்க்கம் இருக்கிறது. போகாதே என்று அவள் மறிக்கிறாள்; மேலிடத்துக் கட்டளையை மீற முடியாது என்கிறான் அவன். வேலைக்கு அழைக்கும் பெரட்டுத் தப்புக்கு எழுந்து, சொன்ன மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன மக்கள் இந்த வாதத்தை விடியவிடியக் கேட்டதில் வியப்பில்லை. அது இல்லாவிட்டால் ரதியின் ஒப்பாரி இன்னொரு சோகப்பாட்டு, அவ்வளவுதான்.

பேச்சை வெட்டும் இந்த வேலை இலண்டனிலும் நடந்தது. ட்ரைடன் எழுதி பர்செல் இசையமைத்த 'கிங் ஆர்தர்' 1691இல் மேடையேறியது. செமி ஓபரா எனப்பட்ட அவ்வகை நாடகத்தில் முதன்மைப் பாத்திரங்கள் பெரும்பாலும் பேசுவார்கள். ஆவிகளும் இடையர்களும் பாடுவார்கள். பின்வந்தவர்கள் பலர் வசனத்தைக் கழித்துவிட்டு இசையை மட்டும் கச்சேரியாக வைத்தார்கள். பாட்டு பிழைத்தது; யார், ஏன் பாடுகிறார்கள் என்பது தொலைந்தது. 2009இல் கிளைண்ட்போர்ன் அரங்கில் பர்செலின் இன்னொரு செமி ஓபராவான 'ஃபேரி குவீன்' வசனத்தையும் சேர்த்துக்கொண்டு மேடை கண்டபோது, இன்றைய பார்வையாளரும் பொறுமையாக உட்கார்வார்கள் என்பது தெரிந்தது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் இராமுழுக்க ஆடிய மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கவில்லையா என்று கேட்கலாம். சுருக்கினார். ஆனால் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) இரண்டிலும் பாத்திரங்களின் மனப்போராட்டம் கூர்மையானது. திரும்பத்திரும்ப வந்த ஆட்டமும் பாட்டுமே குறைந்தன. வட்டக்களரி படச்சட்ட மேடையானதில் ஓர் இழப்பு உண்டு என்பதையும் மறைக்கவேண்டாம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தப்படிப்பதை ஒரு சாதியின் கடமையாக்கி இழிவுபடுத்திய பழைய முறையை, மரபு என்ற பெயரில் ஏன் காக்கவேண்டும்? காக்கக் கூடாது. இந்த இடத்தில் நவீன மேடை தரும் விடுதலையை மனமாரப் பெற்றுக்கொள்வோம்: தப்புக் கலைஞர் மேடையின் நடுவில் நிற்கட்டும், அழைப்பிதழில் அவர் பெயர் ரதி, மதன் வேடக்காரரின் பெயரோடு சமமாக அச்சாகட்டும், கூலியும் சமமாகட்டும். ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுப்பாட்டையும் ஓரிரு அடிகளில் முடிக்கலாம். தர்க்கம் முழுதாக நிற்கவேண்டும். மேடையில் ஒரு மணி நேரம்தான் கிடைத்தாலும், பொட்டலில் கம்பம் ஊன்றுவது அதற்குரிய நாளிலேயே நடக்கவேண்டும்.