அபார்ட் பட்டன் எதுக்குய்யா இருக்கு?

ராத்திரி கணினியை அணைக்காமல் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார் ஒருவர். படம் எதுவும் தரவிறக்கம் ஆகவில்லை. பாயிங்க் மென்பொருள் ஓடுகிறது. கணினி சும்மா இருக்கும் நேரத்தில் எங்கோ இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்காகக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. நல்ல மனசு. காலையில் பார்த்தால் வேலை 97.3 சதவீதம் முடிந்திருக்கிறது. மறுநாளும் 97.3. மூன்றாம் நாளும் அதே 97.3. யாரிடமாவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "தொடாதீங்க, தானா முடியும்."

முடியாது மக்களே! பார்க்கப் பொறுமை மாதிரி இருக்கும் இந்த அறிவுரை, சுத்தமான சோம்பேறித்தனம்.

கொஞ்சம் பின்னணி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1999 மே மாதம் செட்டி அட் ஹோம் தொடங்கியது. அரெசிபோ தொலைநோக்கி பிடித்த ரேடியோ சிக்னல்களைத் துண்டு துண்டாக்கி, தன்னார்வலர்களின் கணினிகளுக்கு அனுப்பி, வேற்றுக்கிரகவாசிகளைத் தேடினார்கள். அதே இடத்தில் பிறந்ததுதான் பாயிங்க். 2020 மார்ச்சோடு செட்டி புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஐன்ஸ்டைன் அட் ஹோம் போன்ற திட்டங்கள் பாயிங்க்கில் தொடர்கின்றன.

இப்போது முக்கியமான விஷயம். பல திட்டங்களில் ஒரே துண்டு இரண்டு பேருக்குப் போகும். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் சர்வர் ஏற்றுக்கொள்ளும், இருவருக்கும் கிரெடிட் கிடைக்கும். ஆக, இவர் கணினியில் 97.3-ல் தொங்குகிற வேலைக்கு இன்னொரு முனை இருக்கிறது. முகம் தெரியாத இன்னொருவர் தன் பங்கை என்றைக்கோ முடித்து அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். கெடு தேதி தாண்டும் வரை சர்வரும் காத்திருக்கும். அதன் பிறகுதான் மூன்றாமவருக்கு அனுப்பும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிளைமேட்பிரெடிக்‌ஷன் திட்டத்தில் ஒரு காலத்தில் கெடுவே கிட்டத்தட்ட ஒரு வருஷம்! "தானா முடியும்" என்று அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அபார்ட் செய்தால்? பாயிங்க் அந்தச் செய்தியை சர்வருக்குச் சொல்லும், சர்வர் அதே வேலையை வேறொருவருக்கு அனுப்ப முடியும். அம்புட்டுதான். "என்னால் முடியவில்லை" என்று சீக்கிரம் சொல்வதும் ஒரு உதவிதான்.

"60 மணி நேரம் ஓடியிருக்கே, வீணாப் போயிடுமே" என்பார்கள். அந்த 60 மணி நேரம் ஏற்கெனவே போய்விட்டது சாமி. வராது என்று தெரிந்த கடனை வராக்கடன் என்று எழுதித் தள்ளாமல், சொத்துப் பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும் முதலாளியை என்ன சொல்வோம்? அதே கதைதான் இதுவும்.

"சர்வர் தண்டிக்குமே" என்பது அடுத்த பயம். தோல்வி கூடினால் அந்தக் கணினிக்கு ஒரு நாளில் தரும் வேலையின் உச்சவரம்பு குறையும், உண்மை. நல்ல விடைகள் போய்ச் சேரச் சேர அது மறுபடி ஏறிவிடும். ஒன்றிரண்டு அபார்ட்டுக்கு யாரும் தூக்கில் போட மாட்டார்கள் :-)

அதற்காகப் பார்த்ததும் கொல்லச் சொல்லவில்லை. சில வேலைகளில் சதவீதம் நகராதது போலத் தெரிந்தாலும் உள்ளே கணக்கு நடந்துகொண்டிருக்கும். வேலையைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸைப் பாருங்கள். கடிகார நேரம் ஏறுகிறது, சிபியு நேரம் ஏறவில்லை என்றால் சிக்கிவிட்டது என்று அர்த்தம். சிபியு நேரம் ஏறியும், கடைசி செக்பாயிண்டுக்குப் பிறகு நாள்கணக்காகிவிட்டது என்றால் அதுவும் சந்தேகக் கேஸ். பாயிங்க்கை முழுசாக மூடி, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஓடும். பல சமயம் இதிலேயே சரியாகிவிடும். திரும்பவும் அதே இடத்தில் நின்றால், டாஸ்க்ஸ் பக்கத்தில் அந்த ஒரு வேலையை மட்டும் அபார்ட் செய்து, பிராஜெக்ட்ஸ் பக்கத்தில் அப்டேட் அழுத்துங்கள்.

இதற்கு நேர் எதிர்க் கட்சி ஒன்று உண்டு. கோபத்தில் ரீசெட் பிராஜெக்டை அமுக்குகிறவர்கள், மென்பொருளையே தூக்கி எறிகிறவர்கள். ரீசெட் செய்தால் அந்தத் திட்டத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மற்ற வேலைகளும் சேர்ந்து காலி. சொல்லாமல் மென்பொருளை நீக்கினாலோ சர்வருக்கு எதுவுமே தெரியாது, கெடு வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

தன்னார்வம் என்றால் சம்பளம் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். பொறுப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்கணும், முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்கணும். மூன்றாவது வழி கிடையாது.