விளையாட்டுக்கு மட்டும்தான் கயிறா?

1/ போன வருஷம் நண்பர்கள் நாலு பேர் தாய்லாந்துல கிராபி பக்கம் ரெய்லேக்குப் போனோம். கடலை ஒட்டிச் செங்குத்தா நிக்கிற சுண்ணாம்புக்கல் பாறைகள்ல ஏறத்தான். வந்ததுல இருந்து ஒரு விஷயம் உறுத்திட்டே இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கங்க.

2/ சுண்ணாம்புக்கல் மழைத்தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரையும். அதனால பாறை முழுக்க பொந்தும் விளிம்புமா இருக்கும். கை வைக்க, கால் வைக்க இடம் கிடைக்கும். நம்ம நாமக்கல் கோட்டைப் பாறை மாதிரி வழுவழுன்னு இருக்காது. சங்ககிரி பக்கமும் சுண்ணாம்புக்கல் உண்டு, ஆனா அது சிமெண்ட்டுக்குப் போகுது.

3/ என்னை யோசிக்க வெச்சது பாறை இல்லை, அங்க இருக்கிற பழக்கம். ஏறுறவர் முடிச்சை கீழே கயிறு பிடிக்கிறவர் தொட்டுப் பார்க்கணும். அவர் கருவியை இவர் பார்க்கணும். பார்க்காம யாரும் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. கடல் காத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டே விரிசல் விட்டு முறியுதுன்னு பல இடத்துல டைட்டானியம் போல்ட் போட்டிருக்காங்க.

4/ நான் ரெண்டு தடவை கை நழுவினேன். கொஞ்சம் கீழே வந்து அந்தரத்துல தொங்கினேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

5/ ஊர் திரும்பின அதே வாரம், தென்னை மரத்துல இருந்து விழுந்த ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. அவருக்குக் கை நழுவினது ஒரே தடவை. ரெண்டு குதிகாலும் நொறுங்கியிருந்தது. கால் ஊன்றி விழுந்தா அந்த அதிர்ச்சி முதுகெலும்பு வரைக்கும் ஏறும். அதனால குதிகால் உடைஞ்சு வந்தா முதுகையும் படம் எடுப்போம். பயந்த மாதிரியே முதுகெலும்பும் நசுங்கியிருந்தது. "எப்ப மறுபடி மரம் ஏறலாம் சார்?"னு கேட்டார். பதில் சொல்ல முடியலை.

6/ "பரம்பரையா ஏறுறவங்க, அவங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேப்பீங்க. ரெய்லேயில எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் தினம் ஏறுறவர்தான். அவரும் கட்டிக்கிட்டுத்தான் ஏறினார். குளவி கொட்டும்போதும், காஞ்ச மட்டை கையோட வரும்போதும் அனுபவம் என்ன செய்யும்?

7/ மரம் ஏறுறவர், சாரத்துல நின்னு பெயிண்ட் அடிக்கிறவர், கிணத்துல இறங்கித் தூர் வாருறவர், எல்லாருக்கும் இதேதான். கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்புக்கு 1996-லேயே சட்டம் வந்தாச்சு. முழு உடம்புக்கான ஹார்னஸும் கயிறும் சில ஆயிரம் ரூபாய்தான். அதை வாங்க வேண்டியது கூலிக்கு வர்றவர் இல்லை. வேலை கொடுக்கிற நாமதான். என் வீட்டுத் தென்னைக்கும் இத்தனை வருஷமா நான் வாங்கலை. அதான் உறுத்தல்.

8/ யாராவது உயரத்துல இருந்து விழுந்தா, பதறிப்போய்க் கையையும் காலையும் பிடிச்சுத் தூக்காதீங்க. உட்கார வைக்காதீங்க, தண்ணி கொடுக்காதீங்க. தலை, கழுத்து அசையாம பிடிச்சுக்கிட்டு 108-க்குக் கூப்பிடுங்க. நகர்த்தியே ஆகணும்னா நாலு பேர் சேர்ந்து, உடம்பு வளையாம, ஒரு பலகை மேல மாத்துங்க.

9/ இந்த மாசம் ஹார்னஸ் வாங்கிட்டேன். அடுத்து காய் பறிக்க வர்றவர், "இதெல்லாம் எதுக்குங்க?"ன்னு சிரிப்பார்னு தெரியும். சிரிக்கட்டும். கட்டிக்கிட்டாத்தான் மரம் ஏறணும்னு சொல்லப் போறேன். பழகுற வரைக்கும் ஆகுற கூடுதல் நேரத்துக்கும் கூலி உண்டு. நீங்களும் செய்யுங்க.