மூக்கில் தோன்றி மூளைக்குச் செல்வன



பதினாறு வயது கடந்தும் மகனுக்குக் குரல் உடையவில்லை, மீசை அரும்பவில்லை; அல்லது மகள் இன்னும் பூப்பெய்தவில்லை. இந்நிலையில் நம் வீடுகளில் என்ன நிகழ்கிறது? சோதிடரிடம் ஓடுகிறோம், குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைக்கிறோம், ஊரில் உள்ள உறவினர் செவிக்கு எட்டாமல் மறைக்கிறோம். மைசூருக்கு வந்து குடியேறிய நமக்கு, இதனை யாரிடம் கேட்பது என்ற தயக்கம் வேறு. அத்தகைய பிள்ளையிடம் முதலில் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. தேவராஜா மார்க்கெட்டில் பூக்கடைகளைக் கடக்கும்போது உனக்கு மல்லிகை மணக்கிறதா என்பதே அது. பருவத்துக்கும் மூக்குக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் நகைக்கலாம். உறவு உண்டு, அது தாய் வயிற்றிலேயே தொடங்குவது.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி உளது. அங்கு ஓரிரு ஆயிரம் நரம்பணுக்கள் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. மூளை முழுவதிலும் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதை நோக்க, இவை ஒரு பொருட்டே அல்ல. ஆயினும் இவற்றின் ஏவல் இன்றேல் பிட்யூட்டரி தன் பங்கைச் செய்யாது. விதைப்பையும் சூற்பையும் விழித்தெழா.

இவை மூளையில் பிறப்பனவல்ல என்பதே வியப்பு. கரு ஆறு வாரம் எய்தும் அளவில், மூக்கு உருவாகும் இடத்தில் இவை தோன்றுகின்றன. அங்கிருந்து மூளை நோக்கிச் செல்லும் நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து, முன்மூளைக்குள் நுழைந்து, ஹைப்போதலாமஸை அடைகின்றன. புகைவண்டி அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கு அவ்விழைகள் தண்டவாளமாகவே தோன்றுகின்றன. மோப்ப நரம்பும் அவ்வழியே வருவதாகலின், வழி பழுதானால் இரண்டும் கெடும்.

1856-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் மேஸ்த்ரே தெ சான் ஹுவான், மூளையில் மோப்பப் பகுதி இல்லாதவரும் பருவம் முதிராதவருமான ஒருவரின் உடலை ஆராய்ந்து எழுதினார். 1944-இல் கால்மன் என்பார் இக்குறை குடும்பங்களில் தொடர்ந்து வருவதைக் காட்டினார். குறைக்கு அவர் பெயரே நிலைத்தது. காரணம் 1989-இல்தான் விளங்கிற்று. அவ்வாண்டு எலிக்கருக்களில் இப்பயணம் கண்டறியப்பட்டது. இக்குறை கொண்ட மனிதக் கரு ஒன்றை ஆராய்ந்தபோதோ, அந்நரம்பணுக்கள் மூளைக்குள் புகாமல் வழியிலேயே தங்கியிருந்தன. 1991-இல் இதற்குரிய மரபணு ஒன்று எக்ஸ் குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது. வேறு பல மரபணுக்களும் பின்னர்த் தெரியவந்தன. இக்குறை பெண்களைவிட ஆண்களிடமே மிகுதி.

நம் சென்னையிலும் கருவின் மூளையை ஆராய்கின்றனர். அங்குள்ள ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருக்களின் மூளையை 5,132 மெல்லிய சீவல்களாகப் படமெடுத்து, 'தரணி' என்னும் தொகுப்பாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. அப்படங்கள் கருவின் 14 முதல் 24 வாரம் வரையிலானவை. நாம் கூறிய பயணிகள் பெரும்பாலும் அதற்குள் ஊர் சேர்ந்துவிடுவர். பிற நரம்பணுக்களோ அப்போதும் கோடிக்கணக்கில் நகர்ந்து கொண்டிருக்கும்.

ஊர் சேர்ந்த நரம்பணுக்கள் ஹார்மோனை இடைவிடாது பொழிவதில்லை; ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு ஒருமுறை சிறிது விடுகின்றன. குரங்குகளிடம் இதனைச் சோதித்த நோபில் குழுவினர், இடைவிடாது செலுத்தினால் பிட்யூட்டரி அடங்கிவிடுவதை 1978-இல் காட்டினர். நேரப்படி வராத வண்டியை நாம் ஏசுகிறோம். ஓயாமல் வண்டி வந்தாலும் நிலையம் இயங்காது போலும்!

பிள்ளையை அழைத்துச் செல்லவேண்டியது சுரப்பியியல் மருத்துவரிடம். பருவம் தாமதிக்கும் பிள்ளைகளிற் பலர் சற்றுப் பிந்தித் தாமே வளர்வர். அவர்களையும் இவர்களையும் பிரித்தறிய மோப்பம் பற்றிய செய்தி மருத்துவருக்குப் பெரிதும் உதவும். ஆதலின் அதனை மறவாது கூறுக. மணம் தெரிந்தும் இதே சுரப்புக் குறை உடையோரும் உளர். குறை உறுதியானால் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோனும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனும் அளித்துப் பருவத்தைக் கொணர்கின்றனர். பின்னாளில் மகப்பேறு வேண்டுவோர்க்கு வேறு ஊசிகள் உண்டு. பலருக்கு அவை பயன் தருகின்றன. நாளாக நாளாக எலும்பு வலுவிழக்கும் என்பதால் காலம் தாழ்த்தலாகாது. மணம் அறியும் ஆற்றலை மட்டும் இம்மருந்துகள் தருவதில்லை. எனவே அடுப்பு வாயு கசிந்தாலும் சோறு கெட்டாலும் அப்பிள்ளைக்குத் தெரியாது. உடனிருப்போர் அதனை நினைவில் வைத்தல் வேண்டும்.