பூங்காவுக்கு முன் வாய்க்கால்

சென்ற ஆடி மாதம் எங்கள் தெரு நண்பர்கள் மனு ஒன்றுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தனர். தொட்டியத்தில் எங்கள் வீட்டருகே உள்ள குளத்தைச் சுற்றிப் பூங்கா அமைத்துத் தர வேண்டுமென்பது கோரிக்கை. நடைபாதை, சிமெண்டுப் பெஞ்சு, வண்ண விளக்கு, சிறுவர்க்கு ஊஞ்சல், நடுவே நீரூற்று என அழகாகப் பட்டியலிட்டிருந்தார்கள். நான் கையெழுத்திடவில்லை. "கல்லூரியில் படிக்கிறவன் நீயே இப்படிச் செய்யலாமா?" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள், முசிறிப் பேருந்தில் இன்றும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. அவர்களுக்குத் திண்ணையில் சொல்ல முடியாமற்போனதை இம்மலரின் வாயிலாகச் சொல்ல விழைகிறேன்.

பூங்காவுக்கு நான் பகைவன் அல்லன். பகலெல்லாம் வாழைத் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த பெண்கள் மாலையில் அரை நாழிகை உட்கார எங்கள் ஊரில் இடம் ஏது? ஆண்களுக்காவது டீக்கடைப் பெஞ்சு உண்டு. பெண்களுக்கு மதுரகாளியம்மன் கோயிலை விட்டால் வீட்டு வாசற்படிதான். ஆகவே பூங்கா வேண்டும். ஆனால் மனுவில் இருபது பொருள்களைக் கேட்ட நண்பர்கள், குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற ஒன்றை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.

இந்த எண்ணம் எனக்குத் தஞ்சையில் வந்தது. முதலாண்டுச் சுற்றுலாவில் பெரிய கோயிலைப் பார்த்தபின் எங்களைச் சிவகங்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். கோயிலை அடுத்து, சிறிய கோட்டைக்குள்ளேயே இருக்கிறது அது. நகராட்சியார் 1871-72இல் அமைத்தது. அதன் உயிர்நிலை சிவகங்கைக் குளம். பூங்காவைவிடக் குளத்துக்கு வயது மிக அதிகம். இராசராசன் காலத்தது என்பாரும் உண்டு. குளத்தின் நடுவே சிறு கோயில் ஒன்றிருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோது, உடன் வந்த பேராசிரியர், "இந்தத் தண்ணீர் வானத்திலிருந்து நேரே இங்கு விழுந்தது என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எங்களில் யாரும் எதையும் நினைக்கவில்லை!

அவர் விளக்கிய செய்தி வியப்பானது. தஞ்சைக்கு மேற்கே மேட்டு நிலத்தில் பெய்யும் மழை, சேவப்ப நாயக்கர் பெயர் தாங்கிய ஏரியில் முதலில் வந்து தங்கும். அங்கே வண்டல் அடியில் படியும். தெளிந்த மேல்நீர் மட்டும் மண்ணுக்கடியில் பதித்த சுடுமண் குழாய்களின் வழியே சிவகங்கைக் குளத்தை அடையும். இந்த அமைப்புக்கு 'ஜலசூத்திரம்' என்று பெயர். சிவகங்கையிலிருந்து ஐயன்குளம், சாமந்தான்குளம் என ஊருக்குள் இருக்கும் குளங்களுக்கும் நீர் போகும். மின்சாரம் இல்லை, இயந்திரம் இல்லை. மேடு பள்ளம் அறிந்து நடத்திய வேலை அது. ஊரார் குடிநீருக்கு நம்பியிருந்த குளம் சிவகங்கை. குழாய்க் குடிநீர் வந்தபின் ஏரியை யார் நினைப்பார்கள்? ஏரி மேடானது, வீடுகள் எழுந்தன, நீர்வழி மண்ணுக்குள் மறைந்தது. 2016இல் சீர்மிகு நகரத் திட்டத்துக்குத் தஞ்சை தேர்வாகி, அதன்கீழ் ஐயன்குளத்தைச் சீர்செய்தபோது பழைய நிலத்தடி நீர்வழி வெளிப்பட்டதும், புதையல் கண்டதுபோல் செய்தித்தாள்கள் எழுதின. தாத்தா வைத்துப்போன பெட்டியைப் பேரன் பரணில் கண்டெடுத்த கதைதான்!

இது நமக்கு மட்டும் நேர்ந்ததென்று எண்ண வேண்டா. இலண்டன் ஹைடு பூங்காவின் 'சர்ப்பன்டைன்' ஏரி 1730இல் கரோலின் அரசியாரின் விருப்பப்படி, வெஸ்ட்போர்ன் என்னும் சிற்றாற்றை மறித்து உருவாக்கப்பட்டது. நகரம் பெருத்தது, சிற்றாறு சாக்கடையாயிற்று, பூங்காவின் ஏரி நாறியது. 1834இல் அந்த ஆற்றின் தொடர்பையே அறுத்துவிட்டு, வேறு வழியில் நீர் கொண்டுவந்தார்கள். செல்வம் கொழித்த நகரம், செய்ய முடிந்தது. ஒரு பேரூராட்சியால் முடியுமா?

இனி எங்கள் குளத்துக்கு வருகிறேன். என் பாட்டி மணமாகி வந்த காலத்தில், காவிரியில் தண்ணீர் வந்து வாய்க்கால் ஓடினால் பத்தே நாளில் குளம் நிரம்புமாம். வாய்க்காலிலிருந்து குளத்துக்கு வரும் கிளையை நான் சிறுவனாக இருந்தபோது தாண்டிக் குதித்திருக்கிறேன். இப்போது அதில் பாதிதூரம் குப்பை. மீதித்தூரத்தில் வீட்டுக் கழிவுநீர். மிகுந்த நீர் வெளியேறும் வடிகால் இருந்த இடத்தில் சுவர் நிற்கிறது. ஆகக் குளம், வருவழியும் இல்லாமல் போவழியும் இல்லாமல், ஐப்பசி மழையை மட்டும் நம்பிக் கிடக்கிறது. இதன் கரைக்குச் சிமெண்டு பூசி, அடியிலும் தளம் போட்டால் என்ன ஆகும்? நின்ற நீரில் பாசி படரும், மீன் செத்து மிதக்கும், கொசு பெருகும். அடியில் ஊறும் நீரால் பிழைக்கும் சுற்றுக் கிணறுகள் வற்றும். கோரையும் நாணலும் போனால் முக்குளிப்பானும் நீர்க்கோழியும் எங்கே கூடு கட்டும்? நடுவிலுள்ள நீரூற்றுக்கு மின்கட்டணம் கட்ட ஆளில்லாமற்போவது இரண்டாம் ஆண்டா மூன்றாம் ஆண்டா என்பதுதான் கேள்வி.

"வாய்க்காலை மீட்பதென்றால் சண்டை வரும், பெஞ்சு போடுவதென்றால் திறப்பு விழா வரும்" என்று நண்பனொருவன் நேர்மையாகவே சொன்னான். அவன் சொல்வது சரி. வாய்க்காலின்மேல் படிக்கட்டு இறக்கியிருப்பவர்களில் என் சொந்த மாமாவும் ஒருவர். அவரிடம் பேச எனக்கும் தயக்கந்தான். இரண்டு முறை பேச்செடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். தை அறுவடைக்குப்பின் மறுபடி போக வேண்டும்.

மனுவில் நடைபாதையும் இருக்கட்டும், ஊஞ்சலும் இருக்கட்டும். கரையில் சிமெண்டுக்குப் பதில் மண்ணும் புங்கமரமும் போதும். முதல் வரியாக, "வாய்க்காலிலிருந்து குளத்துக்கு வரும் கிளையை அளந்து, கழிவுநீரை விலக்கி, தூர்வாரித் தருக" என்று எழுதிக்கொண்டு வாருங்கள், நண்பர்களே. கையெழுத்திடுகிறேன், மாமாவின் வீட்டுக்கும் நானே கூட வருகிறேன்.